கொடியில் காயும் கறுப்புப் பஞ்சு

போன வெள்ளிக்கிழமை லெப்பைக்குடிகாட்டுக்குப் போயிருந்தபோது, பாய் மாமா வீட்டுக் கொல்லையில் துணிக்கொடியில் ஒரு சின்னக் கறுப்புப் பஞ்சு தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கை அளவுதான் இருக்கும். மாமாவின் கைலிக்கும் மாமியின் துப்பட்டிக்கும் நடுவில், காற்றில் பறந்துவிடாமல் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். நுனியில் ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்வதும் விழுவதுமாக இருந்தது. பாப்பாதான் முதலில் பார்த்தாள். "ஏப்பா, பாத்திரம் தேய்க்கிற பஞ்சைப் போயி எதுக்கு இவ்ளோ மரியாதையா காயப்போட்டிருக்காங்க?" என்று கேட்டாள். பக்கத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குச் சிரிப்பு வந்தால் கூடவே இருமலும் வரும். அது அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, "அது பாத்திரம் தேய்க்கிற பஞ்சு இல்ல பாப்பா. என் மூக்கு. கழட்டித் தொவச்சுப் போட்டிருக்கேன்" என்றார். பாப்பா சிரித்தாள். பெரியவன் சிரிக்கவில்லை. அவன் உள்ளே அறையில் கட்டிலோரம் நின்றிருந்த ஆக்ஸிஜன் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வீடு திரும்பும் வழியில் குரும்பலூர் நெருங்கும்போது பெரியவன், "நான் போற இடத்துல இப்ப எல்லாம் மாறியிருக்கும்ப்பா" என்றான். மாறியிருக்கலாம். அவன் ஐ.டி.ஐ.யில் படித்தது குளிர்சாதனத் தொழில். அவனைக் கேட்டிருப்பதும் வளைகுடாவில் ஏ.சி. மெக்கானிக் வேலைக்கு. மாமா தன் வாலிபம் முழுக்கச் செய்த வேலை அது. மாமாவின் கதை, பிள்ளைகளே, உங்கள் இரண்டு பேருக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். உங்களைப் போலவே துணிமணியைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருக்கிற மற்ற பிள்ளைகளுக்கும் பயன்படட்டும் என்றுதான் இதை எழுதி வைக்கிறேன். நான் பத்தாவதோடு நின்றவன், பெரிய வார்த்தைகள் எனக்கு வராது. மாமாவிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுது மாப்ள. ஆனா என்னைய ரொம்ப நல்லவனா எழுதிடாத, உங்க அக்கா நம்ப மாட்டா" என்றார். அவர் என்னை மாப்ள என்பார், நான் அவரைப் பாய் என்பேன், அவர் வீட்டம்மாவை அக்கா என்பேன். அந்த முறையில்தான் அவர் உங்களுக்கு மாமா ஆனார்.

நான் வளர்ந்தது அரியலூர்ப் பக்கம், சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகிற லாரிகள் ஓடுகிற சாலையோரம். ஒரு லாரி போனால் வேப்பமரம் விபூதி பூசிக்கொண்ட மாதிரி நிற்கும். மழை பெய்த மறுநாள்தான் அது பச்சை மரம் என்பதே நினைவுக்கு வரும். எங்கள் அம்மா தட்டுகளை எப்போதும் கவிழ்த்துத்தான் வைப்பாள். கழுவிக் கவிழ்த்த தட்டையும் முந்தானையால் ஒரு தடவை துடைத்த பிறகுதான் சோறு போடுவாள். தூசி என்றால் எங்களுக்கு ஒரே தூசிதான், சிமெண்ட் தூசி. உலகத்தில் கெட்ட காற்று எங்கள் ஊரில் மட்டும்தான் வீசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். வளைகுடாவுக்கு வேன் ஓட்டப் புறப்பட்டபோது, "அங்கயாச்சும் நல்ல காத்தா சுவாசிச்சுட்டு வா" என்று சொல்லித்தான் அம்மா அனுப்பி வைத்தாள்.

அங்கே முதல் நாள் காலையில் வேனின் முன் சீட்டில் ஒருவர் வந்து ஏறினார். தோளில் கருவிப் பை, தலையில் கட்டம் போட்ட துண்டு. நான் ஸ்டியரிங்கையும் முன் கண்ணாடியையும் ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னைத் தமிழனா என்றுகூட அவர் கேட்கவில்லை. "தூசியைக் கண்டு இப்படிப் பயப்படறவன் எந்த ஊருக்காரன்? அரியலூரா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஆமாங்க" என்றேன். "நான் லெப்பைக்குடிகாடு. மனசுல இருக்குற சிமெண்ட் மூட்டையை எறக்கி வச்சுட்டு வண்டியை எடு மாப்ள, நேரமாச்சு" என்றார். அன்றையிலிருந்து அவர் பாய், நான் மாப்ள. நான் வேனின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டுத்தான் ஓட்டுவேன். பிறந்ததிலிருந்து வந்த பழக்கம். அவரோ ஏறியவுடன் தன் பக்கத்துக் கண்ணாடியை இறக்கிவிடுவார். "நாள் முழுக்க ஏ.சி.யோட கட்டிப் பிடிச்சுக்கிட்டு கெடக்கேன். கொஞ்சம் அல்லாஹ் கொடுத்த காத்தும் வரட்டும்" என்பார். கண்ணாடி ஏறுவதும் இறங்குவதுமாகவே எங்களுக்குள் ஒரு செல்லச் சண்டை பல வருஷம் ஓடியது.

அவர் வேலை என்ன என்று சொல்லிவிடுகிறேன். வீடுகளிலும் கடைகளிலும் ஏ.சி.க்கு முன்னால் ஒரு வலை இருக்கும். ஃபில்டர் என்பார்கள். காற்றோடு வருகிற தூசியை அது பிடித்து நிறுத்தும். நம் ஊரில் அதை எப்போதாவது கழுவினால் போதும். பாலைவன ஊரில் சீக்கிரமே வலைமேல் கம்பளி விரித்த மாதிரி தூசி படிந்துவிடும். பாய் மாமா அதைக் கழற்றிக்கொண்டு மொட்டை மாடிக்கோ வாசலுக்கோ வருவார். நேராகத் தண்ணீரில் போட மாட்டார். அந்தத் தொழிலில் யாருமே அப்போது அப்படிப் போடுவதில்லை. ஈரம் பட்டால் தூசி சேறாகி வலைக் கண்ணை அடைத்துக்கொள்ளும், தண்ணீர் போகிற குழாயையும் அடைக்கும், வீட்டுக்காரர் கத்துவார். அதனால் முதலில் காய்ந்த வலையைக் கைப்பிடிச் சுவரில் தட்ட வேண்டும். டப், டப், டப் என்று தட்டுவார். அவரைச் சுற்றிச் செந்நிறப் புகை எழும்பும். முகத்தை ஒரு பக்கம் திருப்பி, கண்ணை இறுக்கி மூடிக்கொள்வார். மூக்கை மூட மாட்டார். பாதி நேரம் அந்தப் புகைக்குள்ளிருந்தே கீழே வேனில் இருக்கும் என்னோடு பேசிக்கொண்டும் இருப்பார். அதன் பிறகு வலையைத் தொட்டித் தண்ணீரில் அலசினால், தண்ணீர் பால் ஊற்றாத டீ மாதிரி ஆகும். கழுவிய வலையை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து, ஒவ்வொரு கண்ணும் தெரிகிறதா என்று பார்ப்பார். ஒரு கண் அடைத்திருந்தாலும் திரும்ப அலசுவார். "மூச்சு விடற வழி மாப்ள. அடைச்சா மிஷின் செத்துடும்" என்பார்.

தூசிப்புயல் வரும் நாட்களை உங்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். நம் ஊர் ஆடிக் காற்று மாதிரி சடசடவென்று வந்து போய்விடாது. தூரத்தில் ஒரு மலை நகர்ந்து வருகிற மாதிரி வரும். கொஞ்ச நேரத்தில் வானம் செங்கல் நிறமாகி, பட்டப்பகலில் வண்டிகள் விளக்குப் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். கதவிடுக்கில் துணி திணித்திருப்போம். அப்படியும் சாப்பாட்டில் மண் பல்லில் கடிபடும். புயல் ஓய்ந்த பிறகும் அந்தப் பொடி கீழே இறங்காமல் பல நாள் பனி மாதிரி அந்தரத்திலேயே நிற்கும். ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடக்கும். அப்போதுதான் எங்களுக்கு வேலை கொட்டும். எல்லா வீட்டு ஏ.சி.யும் ஒரே நேரத்தில் மூச்சுத் திணறும். போனுக்கு மேல் போன் வரும். எந்த நாளில் வெளியே தலை காட்டக் கூடாதோ, அந்த நாளில் பாய் மாமா மாடி மாடியாக ஏறிக் கம்பளி கம்பளியாகத் தூசியைத் தட்டிக்கொண்டிருப்பார். கம்பெனியில் காகித மாஸ்க் கொடுத்திருந்தார்கள். அதைப் பையில் வைத்திருந்தார், போட மாட்டார். தலையில் கட்டிய துண்டு வெயிலுக்குத்தான். "மூக்கை மூடினா மூச்சு முட்டுது" என்பார்.

மூச்சு முட்டுகிறது என்பது மட்டும் காரணமில்லை. இன்னொரு காரணமும் இருந்தது. அதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு தடவை ஊருக்கு வெளியே, கட்டி முடிக்காத ஒரு குடியிருப்பில் வேலை. கொண்டுபோன தண்ணீர் குடிப்பதற்கே பற்றாமல் போய்விட்டது. மாலைத் தொழுகை நேரம் வந்தது. தொழுகைக்கு முன் முகம், கை, கால் கழுவ வேண்டும். மாமா சுற்றிப் பார்த்தார். வேனை விட்டுத் தள்ளி, ஒரு காலடித் தடமும் இல்லாத இடமாகப் போய் உட்கார்ந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் மணலில் மெல்லப் பதித்து, உதறி, முகத்தைத் தடவினார், கைகளைத் தடவினார். பிறகு எழுந்து தொழுதார். திரும்பி வந்ததும், "என்ன பாய் இது?" என்று கேட்டேன். "தயம்மும்னு சொல்வாங்க. தண்ணி இல்லாத எடத்துல சுத்தமான மண்ணே தண்ணிக்குச் சமம்" என்றார். எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. நாமும் கோயில் வாசல் மண்ணை எடுத்து நெற்றியில் வைத்துக்கொள்கிறவர்கள்தானே. அதன் பிறகு அவர் சொன்னதுதான் எங்கள் இரண்டு பேர் மனதிலும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. "இது நபிமாருங்க நடந்த மண்ணு. சாக்கடை இல்ல, குப்பை இல்ல, வெயில்ல புடம் போட்ட மண்ணு. இது ஒடம்புக்குள்ள போனா என்ன கெட்டுடும்? உங்க ஊரு சிமெண்டுதான் மாப்ள வெசம்" என்றார். நான் தலையை ஆட்டினேன். சிமெண்டுக்குப் பயந்து வந்தவனுக்கு அது எவ்வளவு ஆறுதலான பேச்சு!

இருமல் எப்போது தொடங்கியது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தாடியில் நரை வருகிற மாதிரி அது வந்தது. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் இருமுவார், பிறகு சரியாகிவிடும். அப்புறம் மாடி ஏறும்போதும் இருமினார். அப்புறம் பேச்சின் நடுவிலும் வந்தது. போனில் மாமியோடு பேசும்போது வந்தால், போனைக் கையால் பொத்திக்கொள்வார். ஒரு நாள் மாமி கேட்டே விட்டார்களாம். "யாருங்க அது, போனுக்குள்ள இருமறது?" இவர் சட்டென்று, "பக்கத்து ரூம்காரன்" என்றிருக்கிறார். அதற்குப் பிறகு வருஷக்கணக்கில் அந்தப் பக்கத்து ரூம்காரன் இருமிக்கொண்டே இருந்தான். எங்கள் அறைக்குப் பக்கத்தில் படிக்கட்டுதான் இருந்தது, ரூமே கிடையாது.

இதில் எங்களை எல்லாம் ஏமாற்றியது லீவு. மாமா லீவில் ஊருக்கு வருவார். வந்த கொஞ்ச நாளில் இருமல் குறையத் தொடங்கும். மாமி கையால் ஆக்கிய சோறு, வெள்ளாற்றங்கரைக் காற்று, கிணற்றுத் தண்ணீர் என்று ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். லீவு முடிகிற சமயத்தில் ஆள் தெளிந்து, படியேறி இறங்கி, கல்யாண வீட்டில் பிரியாணி தேக்சா தூக்கிக்கொண்டு இருப்பார். "ஒண்ணுமில்ல, சரியாப் போச்சு" என்று விமானம் ஏறிவிடுவார். அங்கே போன கொஞ்ச நாளில் திரும்பத் தொடங்கும். சொந்த ஊரில் குறைகிறது என்றால் அங்கே இருக்கிற ஏதோ ஒன்று கெடுக்கிறது என்று எங்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. குறைந்துவிட்டது, அதனால் பயமில்லை, அதனால் திரும்பப் போகலாம் என்றுதான் கணக்குப் போட்டோம். வளைகுடாவில் இருக்கிற நம் ஆட்களில் எத்தனையோ பேர் இன்றும் இதே கணக்கைத்தான் போடுகிறார்கள்.

நான் அவருக்கு முன்பே ஊருக்குத் திரும்பி, பெரம்பலூரில் ஸ்கூல் வேன் ஓட்டத் தொடங்கிவிட்டேன். ஒரு லீவுக்கு அவர் வந்தபோது அழைத்துவர மாமியோடு திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தேன். எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள், அவரைக் காணோம். எட்டிப் பார்த்தால், கண்ணாடிக் கதவுக்கு உள்ளே டிராலியைப் பிடித்துக்கொண்டு, யாரையோ எதிர்பார்க்கிற மாதிரி நிற்கிறார். கொஞ்ச தூரம் தள்ளுகிறார், நிற்கிறார். ஒருவழியாக வெளியே வந்ததும், "யாருக்காக பாய் நின்னு நின்னு வர்றீங்க?" என்றேன். "மூச்சுக்காக மாப்ள. அது பின்னாடி வருது" என்றார். மாமி சிரிக்கவில்லை. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பக்கத்து ரூம்காரரையும் கூடவே கூட்டியாந்துட்டீங்களா?" என்றார்கள். அவ்வளவு வருஷமும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

இந்தத் தடவை லீவு எதையும் குணமாக்கவில்லை. இருமல் கொஞ்சம் குறைந்தது, மூச்சு மட்டும் திரும்பி வரவில்லை. கொல்லையிலிருந்து வாசலுக்கு வருவதற்குள் தூணைப் பிடித்துக்கொள்வார். அவருக்கோ விசா புதுப்பிக்க நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "இன்னும் ஒரே ஒரு தடவை போயிட்டு வந்துடறேன். அப்புறம் போறதில்ல" என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "டாக்டர்கிட்ட காட்டாம போனா பாஸ்போர்ட்டை வெள்ளாத்துல வீசிடுவேன்" என்று மாமி நின்றார்கள். பெரம்பலூரில் நெஞ்சு நோய் பார்க்கிற ஒரு டாக்டரம்மாவிடம் மூன்று பேரும் போனோம்.

டாக்டரம்மா முதலில் சளியைச் சோதிக்கச் சொன்னார். காசநோயா என்று பார்க்கத்தான். அந்த முடிவு வரும்வரை மாமி வாயில் பச்சைத் தண்ணீர் படவில்லை. காசநோய் இல்லை என்று வந்தது. எக்ஸ்ரே எடுத்தார்கள். பிறகு ஒரு குழாயைக் கொடுத்து, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து ஒரே ஊதாக ஊதச் சொன்னார்கள். பிறந்தநாள் கேக் மெழுகுவத்தியை அணைக்கிற மாதிரி என்று அந்த நர்ஸ் பெண் சொல்லிக் கொடுத்தாள். "ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்று அவள் கையைத் தட்டித் தட்டிச் சொல்ல, மாமா முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து ஊதினார். திரையில் வந்த கோடு கொஞ்சம் எழும்பிச் சாய்ந்துவிட்டது. "மிஷின்ல ஏதோ அடைப்பு இருக்கும்மா, கழட்டிப் பாரு" என்றார் மாமா. பழக்க தோஷம். அந்தப் பெண் சிரித்தாள். டாக்டரம்மா சிரிக்காமல் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பீடி, சிகரெட்?"

"அல்லாஹ் மேல ஆணையா இல்ல."

"என்ன வேலை?" என்று கேட்டார். மாமா சொன்னார். தட்டுகிறதைப் பற்றியும் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். "லீவுல வந்தா இருமல் எப்படி இருக்கும்?" என்று கேட்டார். "குறைஞ்சுடும்" என்று மூன்று பேரும் சேர்ந்தாற்போல் சொன்னோம். சொன்ன பிறகுதான் அந்தச் சொல் எங்கள் காதிலேயே விழுந்தது.

பாலைவனப் பொடி பல வருஷம் தொடர்ந்து உள்ளே போனால் என்ன ஆகும் என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஒரு புயலில் மாட்டிக்கொண்டால் தொண்டை எரியும், மூச்சு இழுக்கும், சில நாளில் பெரும்பாலும் தணிந்துவிடும். ஏற்கெனவே ஆஸ்துமா இருக்கிறவர்களுக்கு அதுவே ஆபத்தாகலாம். வருஷக்கணக்கில் தினமும் போனால் விஷயம் வேறு. மூச்சுக்குழாயின் உள்பக்கம் எப்போதும் புண் மாதிரி வீங்கிக்கிடக்கும், சளி கட்டும், குழாய் சுருங்கும். கண்ணுக்குத் தெரிகிற மணலை மூக்கு முடியும் தொண்டையும் பிடித்துவிடும். கண்ணுக்கே தெரியாத பொடி அடிவரைக்கும் போய் நுரையீரலில் தங்கிவிடும். அது தங்கின இடம் நாளாக ஆகத் தழும்பாகி இறுகும். "மணல் மட்டும்தான் காரணம்னு நான் அடிச்சுச் சொல்லல. ஆனா உங்க வேலையைக் கேட்டா, இத்தனை வருஷம் அதுக்கு நடுவுலதான் நின்னுருக்கீங்க. திரும்பப் போகாதீங்க" என்றார்.

அப்போது மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். இவ்வளவு நேரம் அவர் அடக்கி வைத்திருந்தது இதுதான் என்று எனக்குத் தெரியும். "டாக்டரம்மா, அது சுத்தமான மண்ணு. தண்ணி இல்லாதப்ப அதைத் தொட்டு மூஞ்சில தடவித் தொழுதிருக்கோம். அது போய் எப்படி?" என்றார். சண்டைக்காகக் கேட்கவில்லை. குரல் கெஞ்சுகிற மாதிரி இருந்தது. அந்த மண்ணைக் குற்றம் சொன்னால், தான் வாழ்ந்த வாழ்க்கையையே குற்றம் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று அவருக்குப் பயம்.

டாக்டரம்மா கையிலிருந்த எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார். பிறகு, "தொழுகைக்கு அது சுத்தம். அதுல நான் சொல்ல ஒண்ணுமே இல்லைங்க. ஆனா தண்ணியும் சுத்தம்தானே? குடிக்கிறப்போ புரை ஏறினா என்ன பண்றோம்?" என்று கேட்டார்.

"இருமுவோம்" என்றார் மாமா.

"உங்களுக்கு இத்தனை வருஷமா மண்ணு புரை ஏறிக்கிட்டே இருந்திருக்கு."

மாமா தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, யாரிடமும் இல்லாமல் தனக்குத்தானே சொல்கிற மாதிரி, "வலையில நிக்கிறது பெரிய தூசிதான். மாவு மாதிரி இருக்குறது வலையைத் தாண்டிப் போயிடும். உள்ள குளிருற காயில் குழாயில ஈரம் இருக்கும், அதுல போய் அப்பிக்கும். தகட்டுக்கு நடுவுல கெட்டியாயிடும். அப்புறம் வலையை எத்தனை தரம் கழுவினாலும் மிஷின் ஓடும், காத்து வராது" என்றார். நெஞ்சின் மேல் கையை வைத்துக்கொண்டார். "காயில் கழுவ மருந்து இருக்கு டாக்டரம்மா, அடிச்சா நுரைச்சுக்கிட்டு வந்துடும். இதுக்கு?"

"இதைக் கழுவ முடியாதுங்க. வீக்கம் குறைய மருந்து தரேன். இனிமே படியாம பாத்துக்கலாம்."

அதுவரை முந்தானையைச் சுருட்டிச் சுருட்டிப் பிரித்துக்கொண்டிருந்த மாமி அப்போதுதான் வாய் திறந்தார்கள். "ஊருல இருக்குற ஏ.சி.க்கெல்லாம் மூக்கு சிந்தி விட்டீங்களே, உங்க மூக்கை ஒரு நாளாச்சும் நினைச்சீங்களா?" என்றார்கள்.

போவாரா, மாட்டாரா என்று அவர் வாயால் சொல்லவே இல்லை. கேட்கவும் எங்களுக்குத் தைரியமில்லை. என் வேனில்தான் திரும்பினோம். முன் சீட்டில் உட்கார்ந்ததும் வழக்கம்போல் கண்ணாடியை இறக்கிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். டவுனைத் தாண்டியதும், சாலை வேலை நடக்கிற இடத்தில் ஒரு டிப்பர் லாரி முன்னால் போனது. பின்னால் புழுதி சுருண்டு சுருண்டு வந்தது. மாமா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையை நீட்டிக் கண்ணாடியை மெதுவாக, முழுக்க ஏற்றினார். பின்சீட்டுப் பக்கம் கையை நீட்டி மாமியின் துப்பட்டி நுனியை வாங்கி மூக்கின் மேல் வைத்துக்கொண்டார். எத்தனையோ தூசிப்புயலில் அவரோடு இருந்திருக்கிறேன். அவர் மூக்கை மூடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பின்னால் மாமி துப்பட்டியை இழுக்காமல், அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். அவர் திரும்பிப் போகப்போவதில்லை என்று எங்களுக்கு அப்போது தெரிந்தது.

அதன் பிறகு சில வருஷம் நன்றாகத்தான் இருந்தார். இன்ஹேலரில் உறிஞ்சுகிற மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டார். ஊரிலேயே ஏ.சி. பழுது பார்க்க ஆள் வைத்து, தான் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார். இடையில் வந்த ஒரு சளிக்காய்ச்சல்தான் ஆளைத் தள்ளிவிட்டது. நல்ல நுரையீரல் தாங்கியிருக்கும், இது தாங்கவில்லை. இப்போது நாளில் பெரும்பகுதி அந்த ஆக்ஸிஜன் மிஷினோடுதான் இருக்கிறார். அறைக் காற்றை இழுத்து, அதிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்குக் கொடுக்கிற மிஷின் அது. அதற்கும் பக்கவாட்டில் ஒரு ஃபில்டர் உண்டு. அதுதான் பாப்பா பார்த்த கறுப்புப் பஞ்சு.

பெரியவனே, உன்னைப் போகாதே என்று நான் சொல்லவில்லை. நான் போய் வந்ததில்தான் இந்த வீடு எழும்பியது. அங்கே இப்போது தூசியை உறிஞ்சுகிற கருவி வைத்துத்தான் வலையைச் சுத்தம் செய்கிறார்கள் என்று நீ சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். ஆனால் அவசரத்துக்கு, அந்தக் கருவி இல்லாத ஒரு மாடியில், கைப்பிடிச் சுவரில் தட்டச் சொல்லி ஒருத்தர் சொல்வார். அப்போது மாமாவை நினைத்துக்கொள். துண்டு கட்டினால் போதும் என்று நினைக்காதே, மாவுப் பொடி துணியைத் தாண்டிவிடும். முகத்தில் இடைவெளி விடாமல் ஒட்டுகிற நல்ல மாஸ்க்கைக் கேட்டு வாங்கிப் போடு, சிரித்தால் சிரிக்கட்டும். ஊருக்கு வந்தால் இருமல் குறைகிறது என்றால், குணமாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டுவிடாதே. பெரம்பலூருக்குப் போய் அந்தக் குழாயில் ஊதிக் காட்டிவிட்டு வா. பாப்பா, நீயும்தான். நம் பக்கத்துச் சுண்ணாம்புத் தூசி கெட்டது, வேறெங்கேயோ இருக்கிற மணல் நல்லது என்று நாங்கள் பிரித்து வைத்திருந்தோமே, நெஞ்சுக்குள் போன பிறகு இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

இன்றைக்கும் வெள்ளிக்கிழமை. காலையில் தனியாகப் போய் மாமாவைப் பார்த்துவிட்டு வந்தேன். ஜும்ஆ தொழுகைக்குப் பள்ளிவாசல் வரை நடக்க அவரால் இப்போது முடிவதில்லை. வீட்டிலேயே உட்கார்ந்து தொழுகிறார். அதற்கு முன்னால் மிஷினை நிறுத்தி, பஞ்சைத் தானே கழற்றி, கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் விட்டு அலசுவார். அந்த வேலையை மாமி கையில்கூடக் கொடுக்க மாட்டார். இன்று தண்ணீர் லேசாகக் கலங்கியதோடு சரி, டீ நிறம் வரவில்லை. பிழிந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒவ்வொரு கண்ணாகப் பார்த்தார். பிறகு கொடியில் கிளிப் போட்டு மாட்டிவிட்டு, மூக்கில் குழாய் இல்லாமல், கொல்லையில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"பாய், மாத்துப் பஞ்சு ஒண்ணு அலமாரியில இருக்கே. அதைப் போட்டுட்டு மிஷினை ஓட விடலாமே" என்றேன்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார். பேச்சுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டார். "இது காயற வரைக்கும் எனக்கு லீவு."

மாமி வந்து அவர் விரலில் ஆக்ஸிஜன் அளவு பார்க்கிற சின்னக் கிளிப்பை மாட்டி, எண்ணைப் பார்த்துவிட்டு, பக்கத்திலேயே நின்றார்கள். வெயில் நன்றாக அடித்தது, காற்றும் இருந்தது. சொட்டுவது நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மாமா எட்டிப் பஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். காய்ந்துவிட்டது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. மாமியைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஈரம் இருக்கு" என்றார்.

மாமி பஞ்சைத் தொட்டுப் பார்க்கவில்லை. "ஆமா, இருக்கு" என்றார்கள்.